திருப்பி அனுப்பாதீர்கள்

உலகில் கொலையுண்டு சாகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஆண்கள். தெருச்சண்டையிலும் கும்பல் பகையிலும் முன்விரோதத்திலும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் அவர்கள் சாகிறார்கள். பெண்களின் கணக்கு வேறு. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் தரும் விவரப்படி, 2023-இல் உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள். அவர்களில் 51,100 பேர் கணவனாலோ காதலனாலோ குடும்பத்தில் ஒருவராலோ கொல்லப்பட்டவர்கள். நாளொன்றுக்கு 140 பேர். நூற்றுக்கு அறுபது. கொலையுண்ட ஆண்களில் இப்படி நெருங்கியவர் கையால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு பேர்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, நாம் மகள்களுக்குச் சொல்லி வளர்க்கும் எச்சரிக்கைகளை நினைத்துப் பார்க்கிறேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. தெரியாதவனோடு பேசாதே. தனியாக ஆட்டோவில் ஏறாதே. எல்லாமே அந்நியனைப் பற்றியவை, இருட்டைப் பற்றியவை. பத்திரிகை வைத்து, மேளம் கொட்டி, ஊரைக் கூட்டி நாமே கைப்பிடித்துக் கொடுத்த ஒருவனிடம் எதைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று எந்தத் தாயும் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லத் தெரியாததால் அல்ல; பல வீடுகளில் அந்தத் தாய்க்கே அது நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் அதைப் பேசுவது அபசகுனம் என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

இந்தக் கொலைகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் முதல் நம்பிக்கை, அவை எதிர்பாராமல் நடப்பவை என்பது. ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது, குடிபோதையில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை, ஏதோ கெட்ட நேரம். இப்படித்தான் பேசுகிறோம். இதைவிடப் பழைய ஒரு நம்பிக்கையும் இருந்தது: விபத்து. எண்பதுகளில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு ஸ்டவ் வெடித்து இளம்பெண் இறந்த செய்தி அன்றாடச் செய்தி. மண்ணெண்ணெய் ஸ்டவ், நைலான் சேலை, தனியாக இருந்த மருமகள். அதே அடுப்பில் அதே வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் சமைத்தார்கள்; அவர்களுக்கு வெடிக்கவில்லை. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2001 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டது. காவல்துறைப் பதிவில் இருந்ததைப் போல ஆறு மடங்கு. அவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். இளவயது ஆண் ஒருவர் தீயில் இறந்தால், அந்த வயதுப் பெண்கள் மூவர் இறந்தார்கள். இவற்றில் கொலை எவ்வளவு, தற்கொலை எவ்வளவு, மெய்யான விபத்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் நெருப்புக்கு வயதும் தெரியாது, தாலியும் தெரியாது. அது இளம் மனைவிகளை மட்டும் இப்படித் தேடிப்பிடித்திருக்க முடியாது.

சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டது. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கணவன் வீட்டுக் கொடுமைக்கு எதிரான 498ஏ பிரிவு வந்தது. 1986-இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ இறந்து, இறப்பதற்குச் சற்று முன்பு அவள் வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டது தெரியவந்தால், கணவனும் அவன் வீட்டாரும் பதில் சொல்ல வேண்டும் என்றது. செய்தியின் கடைசி வரியில் இன்றும் நாம் படிக்கும் ஆர்.டி.ஓ. விசாரணை அந்த ஏழு ஆண்டுக் கணக்கின் தொடர்ச்சிதான். தனித்தனிச் சாவுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்ட நாள் அது. ஆனாலும் நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 வரதட்சணை மரணங்கள் இன்னும் பதிவாகின்றன. எட்டாம் ஆண்டில் கொல்லப்படுகிறவள் இந்தக் கணக்கில் வரமாட்டாள்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாஸ்மாக் கடைகளுக்கும் பெண்கள் வாங்கும் அடிக்கும் உள்ள உறவை எந்தத் தெருவிலும் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரிலும் ஏறத்தாழ நாலில் ஒருவர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார். போதை தலைக்கேறியவன்கூட முதலாளியை அடிப்பதில்லை, ரோந்து வரும் போலீஸ்காரரை அடிப்பதில்லை. யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்பது அந்தப் போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

அப்படியானால் எதிர்பாராமல் என்ற சொல் யாருக்குப் பொருந்தும்? பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் என்ற முன்னாள் காவல் அதிகாரி, பின்னாளில் குற்றவியல் பேராசிரியராகி, இப்படிப்பட்ட 372 கொலைகளை எடுத்துப் படித்தார். 2019-இல் வந்த அவருடைய ஆய்வு, அந்தக் கொலைகளுக்குள் எட்டுப் படிகளைக் கண்டது. அவனுக்கு முன்பே வன்முறை வரலாறு இருக்கும். உறவு அவசர அவசரமாக இறுகும். பிறகு கட்டுப்பாடு வரும்: எங்கே போகிறாய், யாரோடு பேசினாய், போனைக் காட்டு. அந்தப் பிடியை அசைக்கும் ஒன்று நடக்கும். பெரும்பாலும் அவள் விலகிப்போகிறாள். அடியும் மிரட்டலும் பின்தொடர்தலும் கூடும். அதன்பின் அவன் மனத்தில் ஒரு முடிவு பிறக்கும். பிறகு திட்டமிடுகிறான்: ஆயுதம் வாங்குகிறான், அவள் தனியாக இருக்கும் நேரத்தைப் பார்த்து வைக்கிறான். எட்டாவது படியில்தான் கொலை. நாம் செய்தியில் படிப்பது அந்த எட்டாவது படியை மட்டும். முதல் ஏழில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்தின் கண்ணெதிரே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடந்தவை.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1985-இல், அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் ஆபத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் கேள்விகளுக்கு முன்னால் வருவது ஒரு காலண்டர். அடிபட்டு வந்த பெண்ணின் முன் கடந்த ஓராண்டின் காலண்டரை விரித்து, எந்தெந்த நாளில் அடி விழுந்தது என்று குறிக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஓர் எண் எழுத வேண்டும். அறைந்ததும் தள்ளியதும் என்றால் ஒன்று. குத்தியும் உதைத்தும் கன்றிப்போனால் இரண்டு. எலும்பு முறிந்தால், சூடு பட்டால் மூன்று. ஆயுதத்தைக் காட்டி மிரட்டினால் நான்கு. ஆயுதத்தாலேயே காயம் என்றால் ஐந்து.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி அந்தக் காலண்டர் முன் உட்கார்ந்தால் தேதி சொல்ல மாட்டாள். பொங்கலுக்கு மறுநாள் என்பாள். தங்கச்சி வளைகாப்புக்குப் போய்த் திரும்பிய ராத்திரி என்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், சீட்டுப் பணம் கட்ட முடியாமல் போன மாதம், சின்னவனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று. உள்ளே வரும்போது எப்பவாவதுதான் கை நீட்டுவார் என்று சொன்னவள், குறித்து முடித்து நிமிரும்போது பார்க்கிறாள்: தையில் ஒரு புள்ளி, ஆடியில் நாலு புள்ளி, ஐப்பசியில் வாரம் தவறாமல். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியிருக்கிறது. இதுவரை ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக மன்னித்து வந்தவளுக்கு அன்றுதான் எல்லாம் சேர்ந்து ஒரே வரிசையாகக் கண்ணில் படுகிறது. உயிர் தப்பிய பெண்களிடம் பேசிய ஆய்வாளர்கள், அவர்களில் பலர் தங்களைக் கொல்லும் அளவுக்கு அவன் போவான் என்று கடைசிவரை நினைக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். அவளுக்கே தெரியாதபோது, பக்கத்தில் இருக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலண்டருக்குப் பின் வரும் கேள்விகளை ஒவ்வொரு அம்மாவும் அண்ணனும் தலைமைக் காவலரும் மனப்பாடம் செய்யலாம். கழுத்தை நெரித்திருக்கிறானா? கொன்றுவிடுவேன் என்று சொன்னானா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? எப்போதும் சந்தேகப்படுகிறானா? பின்தொடர்கிறானா, வேவு பார்க்கிறானா? தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுகிறானா? கடைசிக் கேள்வியை நாம் பாசத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கேள்வித்தாளில் அது ஆபத்தின் அடையாளம்.

இவற்றில் கழுத்து நெரிப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. முன்பு ஒருமுறை துணைவன் கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அந்தப் பெண் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. அங்கே சான் டியேகோ நகரில் காவல்துறைக்கு வந்த 300 கழுத்து நெரிப்புப் புகார்களைப் புரட்டிப் பார்த்தபோது, பாதி வழக்குகளில் வெளியே தெரியும் காயமே இல்லை. காயம் இல்லை, ஆகவே பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதி மூடியிருந்தார்கள். இங்கிலாந்து 2022 முதல் இதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நம் வீடுகளில் அதை, கோபத்தில் கழுத்தைப் பிடித்துவிட்டான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

இத்தனை அடையாளங்களுக்கும் நடுவில் ஓர் அச்சு இருக்கிறது. கனடாவின் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் தங்கள் நாடு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், அமெரிக்காவின் சிகாகோ ஆகிய மூன்று இடங்களின் கொலைப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். கணவனோடு வாழும் மனைவியைவிட, அவனை விட்டுப் பிரிந்த மனைவிக்குக் கொலை ஆபத்து மிக அதிகம் என்று மூன்று இடங்களிலும் தெரிந்தது. நமக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. குடும்பம் நடத்த வர மறுத்த மனைவிக்கு வெட்டு என்று நம் நாளிதழ்களே வாரந்தோறும் எழுதுகின்றன. அந்த வரியை எழுதுகிறவர்களும் படிக்கிற நாமும் மறுத்ததைக் காரணமாக வாசித்துப் பழகிவிட்டோம். அவள் மறுக்காமல் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

மனைவி மட்டும் அல்ல. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, அவர் விலகிப்போனதைப் பொறுக்காத இளைஞர் வந்துகொண்டிருந்த ரயிலின் முன் தள்ளிக் கொன்றார். அவர் தொல்லை தருவதாக அதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் புகார் போயிருந்தது. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மிகக் கடுமையான தண்டனை எட்டாவது படிக்குக் கிடைத்தது. ஐந்தாவது படியில் வந்த புகாரால் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பின்தொடர்ந்து தொல்லை தருபவனைக் கடைசியில் கதாநாயகி ஏற்றுக்கொள்ளும் படங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டிப் பார்த்த சமூகத்துக்கு, ஒரு பெண் சொல்லும் 'வேண்டாம்' முழுமையான பதில் என்பது இன்னும் விளங்கவில்லை.

கணவனும் காதலனும் மட்டும் அல்ல. 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை அருகே 19 வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். திருப்பூர் பக்கம் வேலை பார்த்த இடத்தில், தன் பகுதியைச் சேர்ந்த பட்டியல் சமூக இளைஞரை அவர் மணந்துகொண்டு சில நாள்களே ஆகியிருந்தன. பெற்றோர் புகார் கொடுக்க, அங்குள்ள காவல் நிலையம் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துத் தந்தையோடு அனுப்பி வைத்தது. ஊர் வந்து சேர்ந்ததும் உயிர் போயிற்று. உடலும் அவசரமாக எரிக்கப்பட்டது. தந்தை உள்ளிட்ட உறவினர் கைதானார்கள். அனுப்பி வைத்த காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

கணவன், காதலன், தந்தை. வரதட்சணை, சந்தேகம், சாதி. சொல்லும் காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது ஒன்றுதான்: இவள் எனக்குச் சொந்தம், என் கையை விட்டுப் போவதற்கு இவளுக்கு உரிமை இல்லை. கொல்லுகிறவன் அதைக் கையால் செய்து முடிக்கிறான். அந்த நினைப்பை மட்டும் அவன் தனியாக உண்டாக்கவில்லை. கட்டிக்கொடுத்தாச்சு, இனி அவன் பாடு உன் பாடு என்ற பேச்சில் அது இருக்கிறது. பெரும்பாலான ஆண்கள் யாரையும் கொல்வதில்லை, உண்மைதான். ஆனால் அவளை விடமாட்டேன்டா என்று டீக்கடையில் ஒருவன் புலம்பும்போது, சரி விடு மச்சான் என்று தோளில் தட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள் அந்தப் பெரும்பாலான ஆண்கள்தான்.

அவள் யாரிடமாவது சொல்கிறாளா? குடும்பநல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் சொன்னதும் இல்லை, உதவி கேட்டதும் இல்லை. உதவி கேட்டவர்கள் 14 பேர். எத்தனை தயக்கங்களைத் தாண்டி அந்தப் பதினான்கு பேர் வாய் திறந்திருப்பார்கள்! அப்படித் திறந்தவளுக்கு என்ன கிடைக்கிறது?

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கட்டைப்பையோடு தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். "அம்மா, நான் இங்கயே இருந்துடுறேம்மா" என்கிறாள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத் தலையைத் தடவுகிறாள். "எல்லா வீட்லயும் இருக்கறதுதான்டி. உன் தங்கச்சிக்கு இன்னும் முடிக்கலையே. கொஞ்சம் அனுசரிச்சுப் போ." மூன்றாம் நாள் அப்பாவே பஸ் ஏற்றி விடுகிறார். அடுத்த முறை அவள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறாள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது, பெண் பயமின்றி வந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். அங்கே நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனாலும் பல நிலையங்களில் நடப்பது இதுதான்: மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், கணவனை வரவழைப்பார்கள், இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள், இருவரையும் ஒன்றாக அனுப்புவார்கள். சேர்த்து வைத்துவிட்டோம் என்று பதிவேட்டில் அது ஒரு வெற்றி. புகார் கொடுத்த அந்தப் பெண், புகாருக்கு ஆளானவனின் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறாள். விலகப் பார்க்கும் நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான நேரம் என்று நாம் பார்த்தோம். அந்த நேரத்தில்தான் நாம் அவளைத் திருப்பி அனுப்புகிறோம்.

இந்த இடத்தில் தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், இந்த மாநிலத்தில் அது விதி என்று விடப்படுவதில்லை. 1990-களிலிருந்தே ஒவ்வொரு மகப்பேற்று மரணமும் பதிவாகி, தணிக்கைக்குப் போகிறது. அந்தத் தணிக்கை மூன்று தாமதங்களைத் தேடுகிறது. ஆபத்து என்று உணர்ந்து கிளம்பியதில் தாமதமா? மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததில் தாமதமா? வந்த பிறகு சிகிச்சையில் தாமதமா? இப்படிக் கேட்டுக் கேட்டு, கற்றுக் கற்றுத்தான், 2018-20-இல் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 என்ற அளவுக்குத் தாய்மார் இறப்பு குறைந்தது. அப்போது நாட்டின் சராசரி 97.

அதே பெண் கணவன் கையால் இறந்தால் யாரும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்பதில்லை. கொன்றது யார் என்பதோடு விசாரணை முடிகிறது. வீட்டார் எப்போது அறிந்தார்கள், கிளம்பி வர அவளுக்கு இடம் இருந்ததா, எந்த நிலையத்தில் என்ன எழுதி வாங்கினார்கள் என்பவை எந்தக் கோப்பிலும் சேர்வதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் இப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டுக் கொலையையும் யாரையும் தண்டிப்பதற்காக அல்லாமல், எங்கே தவறவிட்டோம் என்று அறிவதற்காகவே ஆராய்வது சட்டக் கடமை. தாய் இறந்தால் மாவட்டமே கூடி உட்காரும் ஒரு மாநிலத்துக்கு இது புதிய வேலை அல்ல. கொலையுண்ட பெண்களுக்கும் அந்தத் தணிக்கையைத் தமிழ்நாடு தொடங்க வேண்டும்.

தடுக்கக்கூடிய சாவு என்று ஒரு சாவுக்குப் பெயர் வைத்துவிட்டால், அதன்பின் சும்மா இருப்பவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. அந்தப் பெயரை வைக்கத் தயங்குவதே இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆத்திரம், விதி, குடி, கள்ளத்தொடர்பு என்று வேறு பெயர்கள் வைத்தால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். பெண் அவளுக்கே சொந்தமானவள். வேண்டாம் என்று சொல்லவும் விட்டுப் போகவும் அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதை ஒரு குடும்பம் மனதார ஏற்கும் நாளில் அந்த வீட்டுப் பெண்ணின் உயிருக்குக் காவல் கிடைத்துவிடுகிறது. ஏற்காதவரை எந்தத் தூக்குக்கயிறும் அவளைக் காப்பாற்றாது, ஏனென்றால் அது எப்போதும் அவள் போன பிறகுதான் வரும்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் மகளோ தங்கையோ அண்ணியோ, வேலைக்கு வரும் அக்காவோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஒருநாள் பையோடு வந்து நின்றால், அவள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்காதீர்கள். கழுத்தை நெரித்தானா, கொல்வேன் என்றானா, முன்பைவிட அடி கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்று ஒரு பதில் வந்தாலும் அன்றே 181-க்குப் பேசுங்கள்; மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஆணையும் குடியிருக்கும் உரிமையும் கேட்க அவளுக்கு வழி இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுங்கள். ஊர் பேசினால் பேசட்டும். அவளைத் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள்.